தீவுக்காரியின் குளம்பு

பாக்கர் தண்டலிடம் "உங்களுக்கு இது தெரியாது" என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர் திருப்பாலைக்குடியில் ஒருவரும் கிடையாது. தோணியின் தலைமை மாலுமிக்குத் தண்டல் என்று பெயர். இருபத்தெட்டு வருசம் அவர் தொண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே தோணி ஓட்டியவர். காற்றே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் திசை மாறுகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அப்பேர்ப்பட்ட மனிதர் தன் குதிரையின் நாலு குளம்பையும் தன் கையாலேயே கெடுத்துவைத்தார். கெடுத்ததைச் சரிசெய்ய அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதில் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதுதான் வீட்டுக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

குதிரை என்றதும் சேணம் பூட்டிய அரபுக் குதிரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மட்டக் குதிரை, அதிலும் பெட்டை. கடலுக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவில் கேட்பாரில்லாமல் கூட்டம் கூட்டமாகத் திரியும் குதிரைகளில் ஒன்று. முப்பத்தொன்பதாம் வருசம், இரண்டு வயசுக் குட்டியாக இருந்ததைப் புகையிலைச் சிப்பங்களுக்கு நடுவே காலைக் கட்டிப் போட்டுத் தன் தோணியில் ஏற்றிவந்தார். வழியெல்லாம் உதைத்துக்கொண்டே வந்தது. ஊர் அதற்குத் தீவுக்காரி என்று பேர் வைத்தது. வளர்ந்ததும் ஜட்கா வண்டியில் பூட்டினார்கள். வண்டிக்கு நாலு பக்கமும் திரை. கோஷா வீட்டுப் பெண்கள் தேவிபட்டினத்துக் கல்யாணத்துக்கோ, பஸ் நிற்கும் ரோட்டுக்கோ போக வேண்டுமென்றால் தீவுக்காரிதான். பாக்கர் கடலில் இருக்கும் நாட்களில் அவருடைய மச்சினன் மஹ்மூது வண்டி ஓட்டினான்.

சுதந்திரம் வந்தது. அடுத்த சில வருசங்களில் பாஸ்போர்ட்டு வந்தது, பெர்மிட்டு வந்தது, கடல் நடுவே நிறுத்தி மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் லாஞ்சும் வந்தது. மச்சான் வீட்டுக்குப் போவதுபோல அக்கரைக்குப் போய்வந்த ஆட்கள் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தோணி முதலாளி தோணியைத் தூத்துக்குடிக்காரருக்கு விற்றார். பாக்கர் ஒரு வார்த்தை வருத்தப்பட்டுப் பேசவில்லை. மஹ்மூதுவிடமிருந்து சாட்டையை வாங்கிக்கொண்டு தானே ஜட்கா ஓட்ட ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

ஆனால் தினமும் சாயந்தரம் அசர் தொழுகை முடிந்ததும் குதிரையைக் கடலுக்குக் கூட்டிப்போவார். அந்தக் கரையில் ஒரு பர்லாங் தூரம் கணுக்கால் அளவுச் சேறுதான். அதைத் தாண்டி, தண்ணீர் குதிரையின் வயிற்றைத் தொடும் இடத்தில் நிறுத்தித் தேய்த்துவிடுவார். தேய்த்து முடித்தும் வரமாட்டார். பொழுது அடைந்து மக்ரிப் பாங்கு கேட்கும் வரைக்கும் கிழக்கே பார்த்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார். யாராவது கேட்டால், "கடத்தண்ணிக்கு ஆறாத புண்ணு உண்டாப்பா?" என்பார். இப்படியே ஐந்து வருசம்.

ஐம்பத்தேழாம் வருசம் மாசியில் தீவுக்காரியின் குளம்புகள் உதிர ஆரம்பித்தன. மழையில் நனைந்த வறட்டியைப் போல ஓரம் ஓரமாகப் பிய்ந்து வந்தது. லாடம் அடித்தால் ஆணியோடு ஒரு துண்டும் கழன்று விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் நாலு பேரிடம் கேட்டிருப்பார்கள். பாக்கர் குனிந்து பார்த்தார், விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தார், "இது பலகை வேலை" என்று முடிவு கட்டிவிட்டார்.

தோணியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் இருக்கப் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே ஊற்றி அடைப்பார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். பாக்கர் அதில் கெட்டிக்காரர். உட்கார்ந்து, நாலு குளம்பின் விரிசலுக்கும் பொறுமையாகக் கலப்பத்து அடித்தார். அதன் மேல் சுறா எண்ணெயையும் பூசினார். குளம்புகள் புதுத் தோணி மாதிரி மினுங்கின. குதிரையும் ஒரு வாரம் நன்றாகத்தான் நடந்தது.

"இனி சாயல்குடி வரைக்கும் நிக்காம ஓடுவா" என்று பள்ளிவாசல் வாசலில் பெருமை அடித்துக்கொண்டார்.

அவர் மனைவி காலிதா மட்டும், "தோணிக்கு உசுரு இல்லைங்க, இதுக்கு இருக்கு" என்றாள்.

"சமையலைப் பாரு" என்றார்.

நாற்பது நாள் போனது. ஒரு காலையில் தீவுக்காரி எழுந்திருக்கவில்லை. கொட்டில் முழுக்க அழுகல் நாற்றம். ராமநாதபுரத்திலிருந்து மாட்டு டாக்டர் வந்து ஒரு குளம்பின் அடைப்பைக் குத்தி எடுத்ததும் கறுப்பாய் நீர் வழிந்தது. மற்ற மூன்றும் அப்படியேதான். உள்ளே அழுகிக்கொண்டிருந்ததைப் பாக்கர் காற்றுகூடப் போகாமல் மூடிவைத்திருக்கிறார்.

"இருபது வயசு ஆச்சு. நாலு காலும் போச்சு. ஒரு ஊசியில கஷ்டப்படாமப் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் நல்ல மனசோடுதான் சொன்னார்.

பாக்கர் கொட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கடலில் ஒரு தவறு செய்தால் கடல் உடனே கேட்டுவிடும். இந்த வாயில்லா ஜீவன் நாற்பது நாள் வலியைத் தாங்கிக்கொண்டு, அவர் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போயிருக்கிறது. அதை நினைத்ததும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் அழுக வச்சதை நானே சரி பண்ணுவேன்" என்றார் காலிதாவிடம். "ஊசி கீசின்னு யாரும் இந்த வாசலுக்கு வரக்கூடாது."

"எப்படிச் சரி பண்ணுவீங்க?"

"தெரியாது" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து காலிதா அன்றுதான் கேட்டாள்.

கமுதியில் இராமலட்சுமி என்று ஒரு பெண் லாடம் அடிக்கிறாள் என்று பருத்தி வண்டிக்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தார். புருசனின் கையை ஒரு காளை மிதித்து நசுக்கியதிலிருந்து, அவன் கயிற்றைப் பிடிக்க இவள்தான் சந்தையில் உளியும் சுத்தியலுமாக வேலை பார்க்கிறாளாம். முப்பது வயசு இருக்கும். பாக்கர் இரண்டு பஸ் மாறிப் போய் அவளைக் கூப்பிட்டார். "ஒரு தடவை பாக்குறேன். நான் சொல்றதைக் கேக்கலைன்னா அடுத்த பஸ்ஸுல போயிருவேன்" என்று சொல்லித்தான் வந்தாள்.

வந்தவள் குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், சீவினாள். சீவச் சீவப் பஞ்சும் குங்கிலியமும் வந்தது.

"யாரு இதை அடைச்சது?"

பாக்கர் கூரையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற காலிதா, "அவுகதான்" என்றாள்.

"தண்டலய்யா, குளம்புங்கிறது நம்ம நகம் மாதிரி. கெட்டுப்போனதை நல்லதாக்க முடியாது. மேல இருந்து புதுசா எறங்கி வரணும். பழசு தேயத் தேய நான் வெட்டி எடுப்பேன்."

"எத்தனை நாளாகும்?"

"ஒரு வருசம். கெழட்டு உடம்பு, கூடவே ஆனாலும் ஆகும். லாடம் கூடாது, வண்டி கூடாது. நிக்கிற எடம் காஞ்சு கெடக்கணும். மயில்துத்தம் கரைச்சுத் தெனமும் கழுவணும். கொள்ளும் முருங்கக்கீரையும் வயிறாரக் குடுங்க." ஒவ்வொன்றுக்கும் பாக்கர் தலையை ஆட்டினார். "அப்புறம், கடல் கூடவே கூடாது."

ஆட்டிய தலை நின்றது. "கடத்தண்ணி புண்ணை ஆத்தும்த்தா."

"புண்ணை ஆத்தும். குளம்பை ஊற வைக்கும். இது இப்படி ஆனதே அதுலதான். தெனமும் சேத்துல எறக்கியிருக்கீக."

"சாயந்தரம் கொஞ்ச நேரம், மேலா தண்ணியில…"

"கூடாது."

"அவளுக்குக் குளிச்சுப் பழக்கம் ஆயிருச்சு. ஏங்கிப் போயிருவா."

"அவ எங்க குளிச்சா?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து காலிதாவின் குரல். "இவுகல்ல குளிச்சாக. கூட நிக்க ஒரு தொணை வேணும்னு அவளை இழுத்துட்டுப் போனாக."

பாக்கருக்குச் சுருக்கென்றது. மறுத்துப் பேச வாயெடுத்தவர் மயில்துத்தம் வாங்கக் கடைக்குக் கிளம்பினார். உண்மை அதுதான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

குதிரைதானே போகக்கூடாது, நான் போகலாமே என்று இரண்டாம் நாள் தனியாகக் கடலுக்குப் போனார். திரும்பி வந்ததும் தீவுக்காரி அவருடைய ஈரக் கைலியை முகர்ந்தது. கனைத்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்த்ததில் முன்னங்காலில் மிச்சமிருந்த குளம்பும் பிளந்து ரத்தம் வந்தது. பாக்கர் அதைக் கழுவிக் கட்டினார். அன்றைக்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. அசர் முடிந்து மற்றவர்கள் கிழக்கே நடந்தால் இவர் மேற்கே திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவார். திருப்பாலைக்குடியில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவர் இருந்தார்.

குளம்பு முளைக்கும் இடத்தில், ரோமத்துக்குச் சற்றுக் கீழே, இராமலட்சுமி அரத்தால் மெல்லிசாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கோடு தரையைத் தொடும் நாளில் பழசு முழுக்கப் போயிருக்கும் என்று கணக்கு. ஊரே பிறை பார்க்க மேற்கு வானத்தை அண்ணாந்து பார்க்கும் சாயந்தரங்களில் பாக்கர் குனிந்து குளம்பைப் பார்ப்பார். முதல் பிறைக்குக் கோடு ஒரு நெல்லளவு இறங்கியிருந்தது. இரண்டாம் பிறைக்கு இன்னொரு நெல். ஒரு நெல்லளவைப் பார்த்து மனுசன் இவ்வளவு சந்தோசப்படுவாரா என்று காலிதாவுக்குச் சிரிப்பு வந்தது.

வண்டி ஓடாததால் பரவர் தெரு வள்ளங்களுக்குப் பாய் தைத்துக் கொடுத்தார். மிஞ்சிய பாய்த் துணியை நாலு மடிப்பாக மடித்து, அடியில் லாரி டயர் துண்டு வைத்து, தோணி ஊசியால் குதிரைக்கு நாலு செருப்பு தைத்தார். மூன்று தடவை பிய்ந்தது. நாலாவது தடவை நின்றது. செருப்புப் போட்ட குதிரையைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்துகூட ஆள் வந்தது.

மூன்றாம் மாசம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நெடுந்தீவில் மண்ணே கிடையாது. கண்ணுக்கெட்டிய வரைக்கும் கடல் கல். அந்தக் கல்லின் மேல்தான் குதிரைகள் திரிந்தன. யாரும் லாடம் அடிக்கவில்லை, யாரும் சீவவில்லை. அதுகளின் குளம்பு இரும்பு. இவளும் இரண்டு வயசு வரைக்கும் அங்கே ஓடினவள்தானே? சுண்ணாம்புக் காளவாசலிலிருந்து நொறுங்கிய கடல் கல்லைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டிலில் ஒரு முழ உயரத்துக்குப் பரப்பினார். தண்ணீர் தேங்காது, காற்று போகும், காலும் உறுத்தாமல் கெட்டிப்படும். அடுத்த தடவை வந்த இராமலட்சுமி அதைப் பார்த்துவிட்டு, "இது நல்ல யோசனை" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. பாக்கர் அன்று இரண்டு தடவை சாப்பிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கல்லுக்கு மேலேயே ஒரு சாண் தண்ணீர் நின்றது. பாக்கர் கொஞ்சமும் யோசிக்காமல் குதிரையை வீட்டுக்குள் கூட்டிவந்து, விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடத்தில் கட்டினார். காலிதா அழாத குறை. "ஊரு என்ன சொல்லும்? பெருநாளைக்கு வாரவுகளை எங்கன உக்கார வைக்க?" என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கூடத்தில் சாம்பலைத் தூவி, உலர்ந்த மணலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். "ஈரம் இருந்தா அவளுக்கு ஆகாதுல்ல?" என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மழை நிற்கும் நேரத்தில் மஹ்மூது ஒரு ஆளைக் கூட்டிவந்தான். ராமநாதபுரத்தில் கூடாரம் போட வந்திருக்கும் சர்க்கஸ்காரர். மஹ்மூது கெட்டவன் இல்லை. ராத்தா என்று கூப்பிடும் அக்காவின் வீட்டுக் கூடத்தில் குதிரை நிற்பதைப் பொறுக்கமாட்டாமல்தான் இந்த ஏற்பாடு.

"மச்சான், இவுக எடுத்துக்கிறேங்கிறாக. கூடாரத்துல நெழலு இருக்கு, தீனி இருக்கு. பதிலுக்கு ஒரு எளங்குதிரைக்கும் ஏற்பாடு பண்ணித் தாரேங்கிறாக. ராத்தாவும் எத்தனை நாளைக்குச் சாணி அள்ளும்?"

பாக்கர் வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க கூடாரத்துல புலி எத்தனை?"

"நாலு."

"சிங்கம்?"

"ரெண்டு."

"நொண்டிக் குதிரை எத்தனை வச்சிருக்கீங்க?"

அந்த ஆள் மஹ்மூதுவைப் பார்த்தார். மஹ்மூது தரையைப் பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"மாப்ள, இவ நாலு காலையும் நாசம் பண்ணினவன் நான். இவளைத் தூக்கிப் புலிக்குப் போட்டுட்டு எளங்குதிரை ஓட்டினா, அல்லா கேக்கும்போது எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்றார் பாக்கர்.

காலிதா உள்ளேயிருந்து சொன்னாள். "மஹ்மூது, வந்தவுகளுக்கு டீ வச்சிருக்கேன். குடிச்சுட்டுக் கெளம்பச் சொல்லு. குதிரைக்குக் கொள்ளு வைக்கிற நேரமாச்சு."

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. எட்டாம் பிறையில் முன் வலது குளம்பு புதிதாக இறங்கிய இடத்திலேயே மறுபடி வெடித்தது. இராமலட்சுமி வந்து பாதிக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய இடத்துக்கு மேலே மறுபடி ஒரு கோடு போட்டாள். பாக்கர் அந்த ஒரு காலுக்கு மட்டும் இன்னும் தடிமனாகச் செருப்பு தைத்தார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை கழுவியது நாலு வேளை ஆனது.

ஐம்பத்தெட்டாம் வருசம் ஆனி மாசம், மூன்று கால்களில் கோடு தரையைத் தொட்டுப் பல நாள் ஆனபிறகு, நாலாவது காலிலும் தொட்டது. இராமலட்சுமி பழசின் கடைசி ஓரத்தைச் சீவி எறிந்தாள். நாலு குளம்பையும் தட்டிப் பார்த்தாள். கெட்டியாக, சின்னதாக, கறுப்பாக இருந்தன.

"அடுத்த மாசத்துல இருந்து லேசான வண்டி கட்டலாம். லாடம் வேணாம், இந்தக் குளம்பே போதும். சேத்துல, கடல்ல மட்டும் எறக்காதீக."

"அதான் வருசம் முடிஞ்சிருச்சே?"

"தண்டலய்யா, நான் வருசம் சொன்னது குளம்புக்கு. கடல் எப்பவுமே கூடாது. ஒரு நாள் எறக்குனா ஒண்ணும் ஆகாதுதான். ஆனா உங்களுக்கு ஒரு நாள் போதுமா?"

இந்தப் பதினைந்து மாசமும் பாக்கர் குளம்பின் கோட்டை மட்டும் எண்ணவில்லை. கோடு தரையைத் தொட்டதும் இவளைக் கூட்டிக்கொண்டு அந்த இடுப்பளவுத் தண்ணீரில் போய் நிற்பதையும் சேர்த்தேதான் எண்ணிக்கொண்டிருந்தார். அதை அவர் காலிதாவிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று அசர் முடிந்ததும் செருப்புகளைக் கழற்றிவிட்டுத் தீவுக்காரியை வெறுங்காலோடு வெளியே கூட்டிவந்தார். கல் ரோட்டில் நடத்திப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினார். குதிரை நொண்டாமல் நடந்தது. தெருமுனையில் கடல் காற்று அடித்ததும் காதை விறைத்தது. அடுத்த நொடி இழுக்க ஆரம்பித்தது. இருபத்தொரு வயசுக் கிழட்டுக் குதிரை, அவர் பிடியையும் மீறி அவரை இழுத்துக்கொண்டு போனது. அந்த பலத்தைப் பார்த்து அவருக்குச் சந்தோசத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கரை வரைக்கும் ஓடினார்.

கடல் அப்படியே இருந்தது. தண்ணீர் வற்றி, சேறு மினுங்கியது. அதற்கு அப்பால் நீலம். ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது அவர் அதைப் பார்த்து. இன்னும் பத்து அடி எடுத்துவைத்தால் கால் நனையும். ஒரு நாள்தானே என்று தோன்றியது. ஒரு நாள் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். குதிரை கழுத்தை நீட்டி இழுத்தது. எத்தனை நாளைக்கு இவளைக் கயிற்றால் பிடித்து நிறுத்துவது? இழுத்துப் பிடித்தால் நாளைக்கும் இழுப்பாள். தான் போகிற இடத்துக்குத்தான் அவள் வந்து பழகினாள்.

பாக்கர் கயிற்றைக் கீழே போட்டார். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை. சேற்றில் கால் புதையும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தார். கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டார். வாய் துஆ ஓதியது, கால் நடந்தது. மணல் முடிந்து கல் ரோடு வந்தது. இருபது அடி போயிருப்பார். பின்னால் கல்லில் குளம்பு பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் ஒரே அழுத்தமாக, ஒன்றுகூடத் தயங்காமல் அவர் பின்னாலேயே வந்தன. தெருவில் ஆட்கள் நின்றார்கள். பாக்கர் தண்டல் அவர்கள் எல்லோரும் பார்க்கவே அழுதுகொண்டு, நடையை மட்டும் நிறுத்தாமல், வீட்டுக்குப் போனார்.